மயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் கலப்புப் பொதுவெளி: ஸ்டூடியோ வடிவமைப்புகள் எங்கே சறுக்குகின்றன?

#1 எட்டாம்செமஸ்டர்

எங்கள் கட்டடக்கலை வகுப்பின் ஸ்டூடியோவுக்குக் கொடுத்த தலைப்பு, நெரிசலான நகரத்தில் கலப்புப் பொதுவெளி. இடம் சென்னை திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் காலித் தளங்கள், சுற்றியுள்ள தரை, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை. தேவைப் பட்டியலில் காய்கறிச் சந்தை, போட்டித் தேர்வு படிப்பகம், சிறு உணவகம், திறந்த அரங்கு, பொதுக் கழிப்பறை. மூன்று குழுக்களின் யோசனைகள் இவை:

அ: தெருவிலிருந்து முதல் தளத்துக்கு 15 மீ அகலப் பெரும்படி, மேற்கு பார்த்து. ஏற்றம் 5 மீ. சந்தை மேலே, கீழே வாகன நிறுத்தம்.

ஆ: படியே கிடையாது. ஒரே நீள ராம்ப் (சாய்தளம்) சுற்றிச் சுற்றி ஏறும், நூலகம் அதன் ஓரமாகவே போகும். மொட்டை மாடியில் மரங்கள்.

இ: முதல் தளத்தில் 600 ச.மீ. ஒற்றைக் கூடம். காலையில் சந்தை, பகலில் படிப்பகம், மாலையில் கச்சேரி.

மூன்றுக்கும் ஜூரியில் (திட்டங்களை மதிப்பிடும் குழுவில்) வந்த பதில் ஒன்றுதான்: "பயன்பாடுகளை அடுக்கியிருக்கீங்க, கலக்கலை." அடுக்குவதற்கும் கலப்பதற்கும் வரைபடத்தில் என்ன வித்தியாசம்? தயவுதாட்சண்யம் பார்க்காமல் சொல்லுங்கள்.

#2 மாடவீதி

தம்பி, பிளானை மூடி வைத்துவிட்டு முதலில் ஒரு கடிகாரம் வரையுங்கள். குறுக்கே 24 மணி நேரம், கீழே பயன்பாடுகள். எந்த மணிக்கு யார், எத்தனை பேர், என்ன சாமானோடு, எந்த வாசல் வழியாக என்று எழுதிப் பாருங்கள்.

விடியற்காலை நாலரைக்கு மூட்டை இறங்கும். ஐந்தரைக்கு நடைப்பயிற்சிக்காரர்கள், பால், பூ. எட்டிலிருந்து பத்து வரை ரயிலுக்கு ஓடும் கூட்டம். பதினொன்றிலிருந்து நாலு வரை வெயில். அப்போது தரையில் ஆளே இருக்காது, ஆனால் படிப்பகம் நிரம்பியிருக்கும். நாலரையிலிருந்து ஒன்பது வரை சந்தை, கோயில் கூட்டம், ரயில் திரும்பும் கூட்டம் எல்லாம் ஒன்றாக விழும். இரவு பத்துக்கு மேல் யார் என்பதை ஒரு குழுவும் எழுதவில்லை.

இந்தத் தாளை மூன்று திட்டங்களின் மேலும் வைத்துப் பார்த்தால், மாலை நாலரை முதல் ஒன்பது வரை எல்லாரும் ஒரே ஏறுவழியில் மோதுகிறார்கள். மீதி நேரத்தில் கட்டடத்தின் பாதி இருட்டு. அடுக்கல் என்று ஜூரி சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஒரு பயன்பாடு ஓய்ந்த நேரத்தில் அதன் இடம், வெளிச்சம், தண்ணீர், காவல் இன்னொன்றுக்குப் பயன்பட்டால்தான் கலப்பு.

இன்னொரு தாளும் வேண்டும். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் அன்று மாடவீதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. நவராத்திரிக்கு முன் வடக்கு மாடவீதி முழுக்கக் கொலுபொம்மைக் கடைகள். அந்த நாட்களில் உங்கள் தரைத்தளம் என்னவாக இருக்கும்? அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, தொலைந்த குழந்தைகளை வைத்திருக்கும் மேசை. இதற்கெல்லாம் தனிக் கட்டடம் வேண்டாம். பந்தல் கயிறு கட்டத் தூணில் இரும்பு வளையம், தரையில் மூடி போட்ட ஊன்றுகுழி, நாலு குழாய், ஒரு மும்முனை மின் இணைப்பு போதும். வரைபட ஷீட்டில் இவற்றை யாரும் காட்டுவதில்லை.

#3 கீரைக்கட்டு

அ குழுவுக்கு: சந்தையை மாடிக்கு ஏற்றியது முதல் தப்பு.

கீரை வாங்குபவர் கீரைக்காக வருவதில்லை. ரயிலுக்கோ கோயிலுக்கோ போகிற வழியில் குனிந்து வாங்கிவிட்டுப் போவார். 33 படி ஏறி யாரும் ஒரு கட்டு முளைக்கீரை வாங்க மாட்டார்கள். தெற்கு மாடவீதியில் காய்கறி விற்பவர்கள் உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். நடப்பவரின் காலிலிருந்து ஒரு எட்டுக்குள் சரக்கு இருக்கும். அந்தத் தூரம் போனால் வியாபாரமும் போச்சு.

அளவு கேட்டால்: விரிப்பு ஒன்றுக்கு 1.8 மீ முகப்பு, 1.2 மீ ஆழம், பின்னால் ஆளும் மூட்டையும் இருக்க 0.6 மீ. இரண்டு பக்கமும் கடை இருந்தால் நடுவே 2.4 மீ வழி. அதற்குக் குறைந்தால், ஒருவர் குனிந்து பொறுக்கும்போது பின்னால் வருகிறவர் நின்றுவிடுவார். வண்டிக்காரருக்கு வேறு கணக்கு. தள்ளுவண்டி சுமார் 1 மீ அகலம், 2 மீ நீளம், திரும்பவும் இடம் வேண்டும். நடைபாதை விளிம்பு 150 மிமீ தூக்கியிருந்தால் வண்டி ஏறாது, சாலையிலேயே நிற்கும். அப்புறம் போக்குவரத்துப் போலீஸ் விரட்டும்.

சரக்கு இறக்குவது குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியில். வண்டி 3.8 மீ நீளம், 1.5 மீ அகலம், மேலே மூட்டை அடுக்கினால் உயரம் 2.5 மீட்டரைத் தொடும். அ திட்டத்தில் வாகன நிறுத்தத்தின் உத்தரத்துக்கு அடியில் 2.2 மீ. வண்டி உள்ளேயே போகாது.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 2014 தெரு வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, இருந்த இடத்திலேயே விட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. "வியாபாரிகளை ஒழுங்குபடுத்தி உள்ளே கொண்டுவருகிறோம்" என்று ஷீட்டில் எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

#4 செங்கல்சூளை

பெரும்படியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக. ஒவ்வொரு ஆண்டும் பத்துக்கு ஏழு திட்டத்தில் இது வருகிறது, பத்தில் ஒன்றுதான் தேறுகிறது.

உட்காரும் படி 450 மிமீ உயரம், 900 மிமீ ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே மூன்றாகப் பிரித்தால் 150 உயரம், 300 ஆழம். நடக்கும் படி சரியாக அமர்ந்துவிடும். 5 மீட்டருக்கு 11 அடுக்கு, அதாவது 4.95 மீ ஏற்றம், 9.9 மீ நீளம். மீதி 50 மிமீட்டரை மேல்தளப் பூச்சில் சரிக்கட்டலாம். இதுவரை சுலபம்.

சறுக்கல் படிக்கு அடியில் இருக்கிறது. சரிவு இரண்டுக்கு ஒன்று, படியைத் தாங்கும் கான்கிரீட் பலகத்தின் கனத்துக்கு 250 மிமீ கழித்தால், தலை இடிக்காமல் 2.1 மீ உயரம் கிடைக்க 4.7 மீ உள்ளே போக வேண்டும். 15 மீ அகலத்துக்குப் பெருக்குங்கள், 70 ச.மீ. செத்த இடம். முக்கோண இருட்டு. ரெண்டரில் (கணினிக் காட்சிப்படத்தில்) அங்கே ஒரு பூனையும் சைக்கிளும் இருக்கும், கட்டின ஆறாம் மாதம் சிறுநீர் வாடை இருக்கும். முதல் நாளே சுவர் வைத்து அடைத்து, அதற்கு வேலை கொடுங்கள்: வியாபாரிகளின் தராசு, தார்ப்பாய் வைக்கப் பூட்டுப் பெட்டிகள், பம்பு அறை, துடைப்ப அறை. 2.1 மீட்டருக்கு மேல் உயரம் கிடைக்கும் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி, டீக்கடை.

அடுத்தது வெயில். மேற்கு பார்த்த கருங்கல் படியில் ஏப்ரல் மாதம் சாயங்காலம் ஆறரைக்குக்கூட உட்கார முடியாது, பகல் முழுக்கக் குடித்த சூட்டை அப்போதுதான் விடும். கிழக்கே திருப்ப முடிந்தால் திருப்புங்கள். மூன்று மணிக்குக் கட்டடத்தின் நிழலே படி மேல் விழும், கடல்காற்றும் அந்தப் பக்கம்தான். முடியாவிட்டால் மேலே கூரை வேண்டும். இன்னொன்று: சென்னை 13 பாகை வட அட்சம். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பக்கம் நிழலே வேண்டாம் என்று எழுதியிருக்கும் ஷீட், ஏதோ வெளிநாட்டுப் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது.

#5 எட்டாம்செமஸ்டர்

நன்றி சார். படி மேற்கு பார்த்ததற்குக் காரணம் லஸ் பக்கத்திலிருந்து வரும் கூட்டம்தான். ஆ குழுவின் ராம்ப் பற்றி? படியே இல்லாததால் எல்லாருக்கும் ஒரே வழி, அதுதான் சமத்துவம் என்பது அவர்கள் வாதம்.

#6 செங்கல்சூளை

வாதம் நல்லது, கணக்கு இடிக்கிறது. 1:12 சரிவில் 5 மீ ஏற 60 மீ நீளம். ஓட்டம் (இடையில் ஓய்வுத்தளம் இல்லாமல் ஏறும் சரிவு) ஒன்று 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆகவே ஏழு ஓட்டம், இடையில் ஆறு ஓய்வுத்தளம். அகலம் 1.8 மீ, ஓய்வுத்தளமும் 1.8 மீ என்றால் மொத்தம் 71 மீ.

ஆ குழு இதை இரண்டு வரிசையாக மடித்திருக்கிறது. 9 மீ ஓட்டம் 0.75 மீதான் ஏறும். போய்த் திரும்பினால் 1.5 மீ, அப்போது மேல் ஓட்டம் கீழே நடப்பவர் தலையில் இடிக்கும். சதுரமாக நாலு பக்கம் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 3 மீ ஏறும், தலைக்கு மேல் 2.8 மீ மிஞ்சும். நடுவே 9 மீ சதுர முற்றம், வெளி அளவு 12.6 மீ சதுரம், கிட்டத்தட்ட 160 ச.மீ. இடம் போய்விடும். முற்றத்தில் உருப்படியாக ஏதாவது நடந்தால் அந்த விலை கொடுக்கலாம்.

ஷீட்டில் இருப்பதோ 1:8. சக்கர நாற்காலிக்காரர் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது கை எரியும். அப்புறம் புத்தக அலமாரி சாய்வில் நிற்காது, மேசையும் நிற்காது. ராம்ப் ஓரத்தில் நூலகம் வேண்டுமானால் ஓய்வுத்தளங்களைப் பெரிதாக்கி அங்கே வையுங்கள். படியை ஒழிக்கவும் முடியாது. தீ வெளியேற்றத்துக்கு எப்படியும் வேண்டும். சமத்துவம் என்பது படி, ராம்ப், லிப்ட் மூன்றும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிவது. லிப்டைக் கட்டடத்தின் பின்பக்கம் ஒளித்து வைத்துவிட்டு முன்னால் 15 மீ படி கட்டுவதில் அது இல்லை.

#7 பாரம்தாங்கி

இ திட்டத்தின் ஒற்றைக் கூடம் பற்றி. "ஒரே கூடம், பல பயன்" என்றால் விதிகள் மிகக் கனமான பயனைத்தான் கணக்கில் எடுக்கும்.

முதலில் வெளியேற்றம். கச்சேரிக் கூட்டத்துக்கு, இருக்கை பதிக்காத கூடத்தில் ஒருவருக்கு 0.65 ச.மீ. 600 ச.மீட்டருக்கு 923 பேர். படிக்கட்டு அகலம் ஒருவருக்கு 10 மிமீ என்றால் 9.23 மீ. அதாவது 2 மீ அகலத்தில் ஐந்து படிக்கட்டு. ஷீட்டில் இரண்டுதான் இருக்கிறது. அதே கூடம் தரைத்தளத்தில் இருந்தால் ஒருவருக்கு 6.5 மிமீ, மொத்தம் 6 மீ வாசல், தீர்ந்தது வேலை. முதல் தளத்தில் மேசை நாற்காலி போட்ட படிப்பகம் மட்டும் என்றால் ஒருவருக்கு 1.4 ச.மீ., 428 பேர், 4.3 மீ படி, மூன்று படிக்கட்டில் அடங்கும். அரங்கைக் கீழே இறக்கி, படிப்பகத்தை மேலே வைக்க இந்த ஒரு கணக்கே போதும்.

ரோலிங் ஷட்டர் அவசர வாசல் ஆகாது. அதை வாசல் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்கள், எடுத்துவிடுங்கள்.

அடுத்தது பாரம். கூட்டம் கூடும் தளத்துக்கு ச.மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் (சுமார் 500 கிலோ எடை), படிப்பறைக்கு 3 அல்லது 4. புத்தக அடுக்கறைக்கு 2.2 மீ உயரம் வரை 6, அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 கூட்ட வேண்டும். ஆ குழு மொட்டை மாடியில் 1 மீ மண் போட்டு மரம் வைத்திருக்கிறது. நனைந்த மண் ச.மீட்டருக்கு 18 முதல் 20. நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தைப்போல நாலு மடங்கு, அதுவும் எப்போதும் இறங்காத பாரம். நிலையம் இதற்காகக் கட்டப்பட்டதல்ல. கடற்கரையிலிருந்து மயிலை வரையான பாதை 1997-லேயே திறந்தாகிவிட்டது. கடல் இரண்டு கிலோமீட்டருக்குள், உப்புக்காற்று. எங்கே கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது என்று படம் எடுத்து பிளானில் குறித்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் மரத்தைப் பற்றிப் பேசலாம். மரம் வேண்டுமானால் தரையில் நடுங்கள், பாரம் பூமிக்குப் போகட்டும்.

ரயில் பாதையைத் தாங்கும் தூணில் எதையும் மாட்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். புதுத் தளம் தன் தூணில் தனியாக நிற்கட்டும், நடுவே இடைவெளி விடுங்கள். ரயில் அதிர்வு கட்டமைப்பு வழியாகத்தான் வரும், அதற்கு இரட்டைக் கண்ணாடி பதில் இல்லை. படிப்பகத்தைப் பாதைக்கு நேர் கீழே வைத்த மூன்று குழுவும் அதை ஓரத்துக்குத் தள்ளுங்கள். பாதைக்கு நேர் கீழே சந்தை, கழிப்பறை, சைக்கிள் நிறுத்தம். அங்கே ஏற்கெனவே சத்தம்தான்.

#8 நடைமேடை2

சந்தை மாடியில் நடக்கவே நடக்காது என்று அடித்துச் சொல்வதை ஏற்க முடியாது. ஹாங்காங்கில் நகராட்சிச் சேவைக் கட்டடங்கள் இருக்கின்றன. கீழ்த் தளங்களில் மீன், காய்கறிச் சந்தை, மேலே சமைத்த உணவுக் கடைகள், அதற்கும் மேல் நூலகம், விளையாட்டுக் கூடம். பல வட்டாரங்களில் இவை பல ஆண்டுகளாக ஓடுகின்றன. சிங்கப்பூரில் வோஹா நிறுவனம் வடிவமைத்த கம்போங் அட்மிரல்டி 2017-ல் திறந்து, 2018-ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் ஆனது. 0.9 ஹெக்டேர் மனைதான், 45 மீ உயர வரம்பு. கீழே பொதுமுற்றம், முதல் மாடியில் உணவங்காடி, அதன்மேல் மருத்துவ மையம், மேலே பூங்காவும் முதியோருக்கு 104 வீடுகளும். உணவங்காடி மாடியில்தான் இருக்கிறது, கூட்டம் குறையவில்லை.

#9 மாடவீதி

நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் அவை ஓடுவதற்கான காரணத்தையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும்.

அட்மிரல்டியில் மெட்ரோ பக்கத்திலேயே, எஸ்கலேட்டர் முற்றத்திலிருந்தே ஏறுகிறது, எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைத்தது வீடமைப்புக் கழகம் என்ற ஒரே அமைப்பு. கீழே போட்டிக்கு நடைபாதை விற்பனை கிடையாது. ஹாங்காங்கிலும் தெருக்கடைகளை உள்ளே கொண்டுவந்த கொள்கையோடு சேர்ந்தே அந்தக் கட்டடங்கள் வந்தன. கட்டட உருவத்தை மட்டும் எடுத்து வந்து மயிலையில் வைத்தால், மேலே காலிக் கடைகளும் கீழே நடைபாதையில் அதே வியாபாரமும்தான் இருக்கும்.

இன்னொன்று, உணவுக்கு மாடி ஏறுவார்கள், உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்று முடிவு செய்தே வருகிறார்கள். கீரைக்கு ஏற மாட்டார்கள். அதனால் உணவகம் மேலே போகலாம் என்ற அளவுக்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.

ஊருக்குள்ளேயே பார்க்க இரண்டு இடம். தி.நகர் ஆகாய நடைபாதை, 2023, சுமார் 570 மீ. மாம்பலம் நிலையத்தில் இறங்குபவர் பேருந்து நிலையத்துக்குத்தான் போகிறார். இடையில் இருப்பது ரங்கநாதன் தெரு நெரிசல். பாதை அதை அப்படியே தாண்டி விடுகிறது, லிப்டும் எஸ்கலேட்டரும் இருக்கின்றன. ஏறுவதற்குக் காரணம் இருந்தால் ஏறுவார்கள். கொளத்தூரில் 2024-ல் திறந்த முதல்வர் படைப்பகத்தையும் போய் அளந்து பாருங்கள். பகிர்வு வேலையிடம், படிப்பகம், உணவு அறை மூன்றையும் சிறு மனையில் அடுக்கியிருக்கிறார்கள். வீட்டில் இடமில்லாத மாணவருக்கு மேசை, மின்இணைப்பு, சோறு சாப்பிட ஓர் இடம் மூன்றும் சேர்ந்து வேண்டும் என்று புரிந்து செய்த வேலை.

#10 நடைமேடை2

உணவகம் மேலே, காய்கறி கீழே. சரி, ஒத்துக்கொள்கிறேன். எஸ்கலேட்டர் இல்லாமல் மாடி உணவகமும் ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#11 ஓதம்

மூன்று ஷீட்டிலும் கால்வாய் நீலமாக இருக்கிறது. ஒன்றில் படகோட்டுகிறார்கள் :) பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்துவிட்டு வந்து வரைந்ததா?

இங்கே தண்ணீர் இரண்டு பக்கமிருந்து வரும். மேலே மழை, கீழே கடல் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்குவது). ஓதம் ஏறிய நேரத்தில் பெருமழை பெய்தால் கால்வாய் வடியாது, மழைநீர்க் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி மனைக்குள் வரும். கால்வாயில் விழும் ஒவ்வொரு குழாய் வாயிலும் திரும்பிவராத் தட்டு அடைப்பு வையுங்கள், அதைச் சுத்தம் செய்ய மேலே ஆள் இறங்கும் மூடியும் காட்டுங்கள். குப்பை சிக்கித் தட்டு மூடாமல் போவதுதான் வழக்கமான கோளாறு.

2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் இரண்டிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துச் சுவரில் கறை பார்த்து, கடல்மட்டக் கணக்கில் குறியுங்கள். சாலையிலிருந்து அளக்காதீர்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் அந்த அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

அதற்காகத் தரைத்தளத்தை 900 மிமீ தூக்கிவிடாதீர்கள். கீரைக்கட்டு சொன்ன ஓர் எட்டுத் தூரம் அத்தோடு போகும். தரை நனையட்டும், வடிந்ததும் கழுவிவிடலாம். 1:100 சரிவு, சொரசொரப்பான கருங்கல், கம்பித்தட்டு போட்ட வாய்க்கால். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம். கீரைத் தண்ணீர் சிந்தினால் முதல் நாளே ஒருவர் விழுவார். மேலே போக வேண்டியவை மின்பலகை, மீட்டர், பம்பு இயக்கி, ஜெனரேட்டர். லிப்ட் குழியில் மிதவை சுவிட்ச் வைத்து, தண்ணீர் வந்தால் லிப்ட் தானாக மேல்தளத்தில் போய் நிற்கும்படி செய்யுங்கள். நிலத்தடி வாகன நிறுத்தம் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கரையில் 5, 6 மீ பட்டை விடுங்கள். தூர்வாரும் இயந்திரம் நிற்க வேண்டும். ரயில் தூண்கள் கால்வாய்க்குள் இறங்கியதில் ஏற்கெனவே நீர்வழி குறுகியிருக்கிறது. அதில் நீங்கள் இன்னும் பலகைத் தளம் அடித்து நுழையாதீர்கள். அந்தப் பட்டை மற்ற நாளில் நடைபாதை, தூர்வாரும் வாரத்தில் இயந்திரப்பாதை. ஜூரி கேட்ட கலப்பு அதுவும்தான்.

#12 எட்டாம்செமஸ்டர்

ஓதம் அக்கா, படகை எடுத்துவிட்டேன். :(

இரவு பத்துக்கு மேல் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் திறந்து விடலாமா, பூட்டலாமா? குழுவுக்குள் சண்டை.

#13 நடைமேடை2

பூட்டத்தான் வேண்டும். பூட்டாத கூரையடி இரண்டே மாதத்தில் குடிக்கும் இடமாகும், அப்புறம் பெண்கள் மாலை ஏழுக்கே வருவதை நிறுத்துவார்கள். பொதுவெளி என்பதன் பொருள் 24 மணி நேரமும் திறந்திருப்பது அல்ல.

#14 கீரைக்கட்டு

விடியற்காலை நாலரைக்கு மூட்டையோடு வருபவர் எங்கே உட்காருவார்? அதில் பாதிப் பேர் பெண்கள். கேட் ஆறு மணிக்குத் திறக்கும் என்றால் சாலையில்தான் இறக்குவார்கள். வீடில்லாமல் அங்கே படுப்பவர்களும் இருப்பார்கள். நடுவில் கைப்பிடி வைத்த பெஞ்சு போட்டு அவர்களைத் துரத்துவதை டிசைன் என்று சொல்லாதீர்கள். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் குறையும்போதுதான் பயம் வருகிறது, பூட்டுப் போட்ட கேட்டுக்கு வெளியிலும் அதே இருட்டுதான்.

#15 செங்கல்சூளை

இரண்டு பேர் சொல்வதும் ஒரே பிளானில் இருக்க முடியும், ஷட்டர் கோடு, அதாவது பூட்டும் எல்லை, எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. மாணவர் ஷீட்டில் ஷட்டர் கோடே இருப்பதில்லை. எல்லாம் திறந்து கிடக்கும், ஆட்கள் சிரித்துக்கொண்டு நடப்பார்கள். கட்டி முடித்ததும் யாரோ ஒருவர் வெல்டரைக் கூப்பிட்டுத் தோன்றிய இடத்தில் கிரில் அடிப்பார், அதுதான் உண்மையான பிளான் ஆகும்.

ஒரே பிளானை 1:50-இல் நாலு முறை வரையுங்கள்: காலை 5, பகல் 1, மாலை 7, இரவு 1. ஒவ்வொன்றிலும் மூடியதைக் கறுப்பாக்குங்கள். சோதனை இதுதான்: கழிப்பறை, குடிநீர்க் குழாய், ரயிலுக்குப் போகும் படி, லிப்ட் நான்கும் எல்லா ஷட்டருக்கும் வெளியே இருக்க வேண்டும். உணவகத்துக்குள் புகுந்துதான் கழிப்பறைக்குப் போக முடியும் என்றால், உணவகம் மூடும் நேரம்தான் கழிப்பறையும் மூடும் நேரம். படிப்பகத்துக்குத் தனிப் படி வேண்டும், இரவு பதினொன்று வரை அது ஓடும்போது சந்தை மூடியிருக்கும். அந்தப் படியின் அடிவாரத்தில் டீக்கடை. டீக்கடைக்காரர் இரவில் அங்கே இருப்பது எந்தக் கேமராவையும்விடப் பயன்.

ஷட்டர் அளவும் கவனியுங்கள். 9 ச.மீட்டருக்கு மேல் போனால் கையால் தூக்குவது சிரமம், கியரோ மோட்டாரோ வேண்டும். சுருளும் பெட்டிக்கு மேலே 400 மிமீ அளவு இடம் விட வேண்டும். உத்தரத்துக்கு அடியில் 2.4 மீதான் இருக்கிறது என்றால் பெட்டி போக மிஞ்சுவது 2 மீ. தலையில் மூட்டை வைத்தவர் குனிந்து போக வேண்டியிருக்கும்.

#16 மாடவீதி

சாவி யாரிடம் என்பதையும் எழுதுங்கள். நிலையம் ரயில்வேயுடையது, தெருவும் கழிப்பறையும் மாநகராட்சி, கால்வாய் நீர்வளத் துறை. இரண்டாம் கட்ட மெட்ரோவின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலையில் நிலத்தடியில் சந்திக்கப் போகின்றன, ஆகவே நாலாவதாக மெட்ரோவும். எல்லைக் கோடுகளை நாலு நிறத்தில் பிளானில் போட்டு, ஒவ்வொரு பல்புக்கும் எந்த மீட்டர் என்று குறியுங்கள். லிப்டும் பொதுவிளக்கும் கடைகளின் மீட்டரில் இருந்தால், ஒருவர் பில் கட்டாத அன்று எல்லாருக்கும் இருட்டு. பொது மீட்டர் தனியாக, ஒரே அமைப்பின் பெயரில்.

இன்னொரு சிறு வேண்டுகோள். கான்செப்ட் ஷீட்டில் "திண்ணை" என்ற சொல்லை இனிமேல் காசு கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று யாராவது சட்டம் போட்டால் நல்லது. திண்ணையில் வழிப்போக்கர் உட்கார முடிந்ததற்குக் காரணம் 450 மிமீ உயரம் மட்டுமல்ல, பின்னால் ஒரு கதவும் அதற்குள் ஓர் ஆளும் இருந்ததுதான். பின்னால் வெறும் சுவர் வைத்து 60 மீ நீளத்துக்கு ஓடும் திண்ணை, வெறும் மேடை.

#17 பாரம்தாங்கி

+1. "முற்றம்" என்ற சொல்லுக்கும் அதே வரி போடலாம்.

#18 எட்டாம்செமஸ்டர்

எல்லாரும் சொன்னதை வைத்து மூன்று குழுவும் சேர்ந்து ஒன்றாக்கியது: தரையில் சந்தை, சாலை மட்டத்திலேயே, விளிம்பு தூக்காமல். பாதைக்குக் கீழே நடுவில் கழிப்பறை, குழாய், லிப்ட், எல்லாம் ஷட்டருக்கு வெளியே. அரங்கு தரையில், கிழக்கு பார்த்து 5 அடுக்குப் படி மட்டும், 2.25 மீ ஏற்றம். அதன் அடியில் வியாபாரிகளின் பூட்டுப் பெட்டிகள். படிப்பகம் முதல் தளத்தில் ஓரமாக, மூன்று படிக்கட்டு. உணவகம் அதே தளத்தில், நிலைய நடைவழியை ஒட்டி. மொட்டை மாடியில் மரம் இல்லை. கரையில் 6 மீ பட்டை. ஜூரிக்கு இன்னும் பத்து நாள். ரெண்டர் எத்தனை போடலாம்?

#19 செங்கல்சூளை

ரெண்டர் ஒன்று போதும், மழை பெய்யும்போது. வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். 45 பாகை என்று வைத்தால் 3 மீ உயரத் திறப்பில் 3 மீ உள்ளே நனையும். வியாபாரி அந்த 3 மீட்டருக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று படத்தில் தெரிய வேண்டும். மீதி நேரத்தை 1:20 வெட்டுப்படத்தில் போடுங்கள்: சாலை, வாய்க்கால், விரிப்பு, தூண், ஷட்டர் பெட்டி, படிப்பக மேசை வரை ஒரே கோட்டில்.

2.25 மீ படிக்கு அடியில் எங்கும் 2.1 மீ தலை உயரம் கிடைக்காது. பலகம் போக உயர்ந்த இடமே 2 மீ. ஆகவே பெட்டிகளைப் பின்பக்கத்திலிருந்து திறக்கும்படி வையுங்கள், ஆள் உள்ளே போக வேண்டாம்.

#20 கீரைக்கட்டு

பெட்டி ஒன்றுக்கு 0.9 மீ அகலம், 0.9 மீ ஆழம் வேண்டும். தராசு, தார்ப்பாய், சாக்கு, குடை எல்லாம் அடங்க வேண்டும். கதவுக்கு அடியில் 100 மிமீ காற்று இடைவெளி விடுங்கள், ஈரச் சாக்கு புளித்துப்போகும். குழாயைத் தரையிலிருந்து 600 மிமீ உயரத்தில் வையுங்கள். 300-இல் வைத்தால் வாளி அடியில் போகாது.